மூன்றாம் முறை கேட்கும்வரை

"மாமா, நீங்கள் சொல்லுங்கோ. ஸ்டைனெக்கோ, ஓபர்மாட்டோ?" என்று கேட்ட மருமகள் கௌசிகா, தன் கைபேசியை என் மூக்குக் கண்ணாடிக்கு நேரே நீட்டிப் பிடித்தாள், அதன் சிறிய திரையில் இரண்டு பனிமலைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடந்தன, இரண்டும் ஒரே வெள்ளை, இரண்டின் அடிவாரத்திலும் ஒரே மாதிரியான மரவீடுகள், தெரியாதவன் பார்த்தால் ஒரே ஊரை இருமுறை படம் பிடித்திருக்கிறார்கள் என்றுதான் சொல்வான், ஆனால் நான் தெரியாதவன் அல்லன், மேலே கிடந்ததுதான் ஸ்டைனெக் என்று எழுத்தைப் பார்க்குமுன்பே கண்டுகொண்டேன், அந்த மலையின் இடது தோளில் யாரோ கடித்து வைத்த அப்பத்தைப் போல ஒரு பள்ளம் உண்டு, வாய் திறந்தது, திறந்த வாயிலிருந்து வெளிவந்த வாக்கியம் இது: "எனக்கு எங்கையெண்டாலும் சரி, பிள்ளை. உங்களுக்கு எது வசதியோ அதைப் பாருங்கோ." கௌசிகா தலையசைத்தாள். "அப்ப சரி மாமா. ஓபர்மாட்டிலை நீச்சல் தடாகமும் இருக்கு. இவளைக் குளிப்பாட்டிப்போட்டு வந்து புக் பண்ணிவிடுறன்," என்று சொல்லி, பேத்தி இயலை இடுப்பில் தூக்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்விட்டாள். தண்ணீர் திறபடும் ஓசை கேட்டது. ஆக, எனக்கு மிஞ்சியிருப்பது ஒரு குழந்தை குளித்து முடியும் நேரம். அதற்குள் நான் இந்த நாற்காலியை விட்டு எழுந்து, கூடத்தைக் கடந்து, அந்தக் கதவருகே நின்று ஒரு சொல் சொல்ல வேண்டும். பெப்ரவரிப் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு எந்தப் பனிமலைக்குப் போவது என்பது மற்றவர்களுக்கு ஒரு விடுமுறைப் பேச்சு. எனக்கோ, ஸ்டைனெக்கில் என் மகள் இருக்கிறாள். அங்கே பனிச்சறுக்குப் பழக்கும் ஆசிரியை அவள். நான்கு குளிர்காலங்களாக நான் அவள் முகத்தைக் காணவில்லை. இந்த வீட்டில் ஒருவரும் அவளுடைய பெயரைச் சொல்வதில்லை, நான் சொல்லாததால். மனத்துக்குள்ளும் அந்தப் பெயரை நான் எடுப்பதில்லை. மகள் என்று மட்டுமே நினைத்துக்கொள்வேன், அதுவே போதுமான அளவு கனமாக இருக்கிறது.

முதற்கேள்விக்கே ஒரு மனிதன் பதில் சொல்லிவிடுவதா? நான் வளர்ந்த வீடுகளில் அப்படி ஒரு வழக்கம் இருந்ததில்லை. முதல் மறுப்பு மரியாதைக்கு. இரண்டாவது மறுப்பு அடக்கத்துக்கு. மூன்றாம் முறை கேட்கும்போதுதான் சாப்பாட்டுத் தட்டின்மேல் மறித்து வைத்த கை விலகும். என் மனைவி தவமலர் இதை ஒரு கலையாகவே அறிந்திருந்தாள். "இன்னும் ஒரு அகப்பை போடட்டோ?" "காணும்." "என்ன காணும்? அரை வயித்தோடை எழும்பப் போறியளோ?" "காணுமெண்டு சொல்லுறனெல்லே." "சரி சரி, கையை எடுங்கோ." அப்படித்தான் அவள் என்னைக் காலமெல்லாம் உண்பித்தாள், வேணும் என்ற சொல்லை வாழ்நாளில் உச்சரிக்காமலே வயிறு நிறைந்தவன் நான். அவளை மணக்கக் கேட்டபோதும் இரண்டு தடவை மறுத்தேன், அவளுடைய தமையன் மூன்றாம் தடவையும் வந்ததால் பிழைத்தேன். அவன் ரோசக்காரனாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்து வியர்த்திருக்கிறேன். கௌசிகாவோ இந்த நாட்டிலேயே, லுட்சேர்ன் நகரில் பிறந்தவள். ஒருமுறை கேட்பாள், கிடைத்த பதிலை நம்புவாள். அவள் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், "மாமா, இன்னும் சோறு?" என்பாள், நான் காணும் என்பேன், அவள் உடனே பாத்திரத்தை மூடி உள்ளே கொண்டுபோய்விடுவாள், மூடி விழும் அந்த ஓசை இன்னும் காதில் இருக்கிறது. ஒரு மாதம் அரைப்பட்டினி கிடந்தேன். ஒருநாள் அடுத்த அறையிலிருந்து அவள் என் மகன் செந்தூரனிடம் சொன்னாள்: "மாமா எவ்வளவு கட்டுப்பாடாச் சாப்பிடுறார் பாருங்கோ. நீங்களும் இருக்கிறியளே!" பசியோடு அந்தப் புகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அவள்மீது குற்றம் சொல்ல மாட்டேன். ஒருவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்வதும் ஒரு மரியாதைதான், அதைவிடப் பெரிய மரியாதையாகக்கூட இருக்கலாம். ஆனால் இப்போது தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கிறது, குழந்தை கைகளால் அடித்துக் கூச்சலிடுகிறது, கௌசிகா இரண்டாம் முறை கேட்கப் போவதில்லை, மூன்றாம் முறை கேட்கக்கூடியவள் சாம்பலாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன.

பனியை மகளுக்குக் காட்டியவர்களுள் நானும் ஒருவன் என்பதை யாரும் மறந்துவிடக் கூடாது. பள்ளியில் ஒரு கிழமை, ஏழு நாளும், பனிமுகாம் என்றார்கள், ஆணும் பெண்ணும் மலையில் தங்கவேண்டும் என்றார்கள், நான் முடியாது என்றேன். வகுப்பு ஆசிரியை வீட்டுக்கே வந்து இந்த நாற்காலியில் அமர்ந்து, எல்லாப் பிள்ளைகளும் போனபின் உங்கள் மகள் மட்டும் வெறும் வகுப்பறையில் இருக்க வேண்டிவரும் என்று சொன்னார், நான் பார்ப்போம் என்றேன். இரவு தவமலர் கேட்டாள், நான் சரி என்றேன், எண்ணிப் பார்த்தால் அதுவும் மூன்றாம் முறைதான். பழம்பொருட் கடையில் சறுக்குப் பலகைகளை வாங்கியவன் நானே. என்னைவிட உயரமான அந்த இரண்டு பலகைகளையும் தோளில் வைத்துப் பேருந்தில் ஏறினேன். ஒன்றின் நுனி மேலே கைப்பிடி வாரில் மாட்டிக்கொண்டது, ஓட்டுநர் திரும்பிப் பார்த்துச் சத்தம் போட்டார், நான் அவருக்குப் பிழையில்லாத ஜெர்மன் மொழியில் மறுமொழி சொன்னேன். அந்த மொழியை எனக்கு எவரும் கற்பிக்கவில்லை. நான் வேலை செய்த விடுதியின் சலவை அறையில், ஈரப் படுக்கை விரிப்புகள் நடுவே, விருந்தினர் விட்டுச்சென்ற பத்திரிகைகளை விரித்துவைத்து நானே கற்றேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் எழுதிய விண்ணப்பங்களை நகரசபையில் ஒருவரும் ஒருநாளும் திருத்தியதில்லை. முகாம் முடிந்து அவள் வந்திறங்கினாள், முகமெல்லாம் கருகி, கண்ணைச் சுற்றி மட்டும் கண்ணாடி போட்டிருந்த இடம் வெள்ளையாய். தவமலர் தலையில் கைவைத்தாள். "ஐயோ, பெட்டை கறுத்துப்போனாளே! ஆரப்பா இனி இவளைக் கட்டப் போறான்?" "ஒரு கரடி கட்டும், அம்மா," என்று சிரித்தாள் மகள், பிறகு சிரிப்பை விட்டு, யாரும் கேளாமலே சொன்னாள்: "மேலை போய் நிண்டால் ஒரு சத்தமும் இல்லை, அம்மா. காதுக்குள்ளை ஒண்டுமே இல்லை." அந்த வயதில் ஒரு பிள்ளைக்குச் சத்தமின்மை ஏன் அவ்வளவு பிடிக்க வேண்டும் என்று நான் அன்று யோசிக்கவில்லை. இந்த வீட்டில் அன்று எந்நேரமும் யாராவது பேசிக்கொண்டிருந்தோம். இன்று அவள் வந்தால் அந்த மலையுச்சியை இங்கேயே காணலாம்.

செந்தூரன் சோபாவில் கால்நீட்டி உதைபந்தாட்டம் பார்த்துக்கொண்டிருக்கிறான், குழந்தை குளித்தபின் தூங்க வேண்டும் என்பதால் ஒலியைக் குறைத்து வைத்திருக்கிறான், பேருந்து ஓட்டிவிட்டு வந்த சீருடையைக்கூட இன்னும் மாற்றவில்லை. அவனும் நானும் நேராகப் பேசிக்கொள்வது குறைவு. பகை ஒன்றும் இல்லை. தகப்பனும் வளர்ந்த மகனும் முக்கியமான சங்கதிகளைப் பெண்கள் வழியாகத்தான் சொல்லி அனுப்புவது எங்கள் வழக்கம், முன்பு தவமலர் வழியாக, இப்போது கௌசிகா வழியாக. ஆகவே கௌசிகா நீட்டிய அந்தத் திரையில் ஸ்டைனெக் எப்படி வந்தது? எத்தனையோ மலையூர்கள் இருக்கின்றன இந்த நாட்டில். அதை அவன்தான் அங்கே வைத்திருக்க வேண்டும். தங்கை இருக்கும் ஊரை வைத்து, அப்பா என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று மனைவியிடம் கொடுத்து அனுப்பிவிட்டு, பந்தைப் பார்ப்பவன் போலக் கிடக்கிறான். அப்படியானால் நான் சொன்னதையும் கேட்டிருப்பான். எங்கையெண்டாலும் சரி. அதை அவன் எப்படி எடுத்துக்கொண்டிருப்பான்? வேண்டாம் என்றா? நான் வேண்டாம் என்று சொல்லவில்லையே, என் வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன், அதில் எங்கும் வேண்டாம் என்ற சொல் இல்லை. அல்லது ஸ்டைனெக் தற்செயலாக வந்ததோ, மலிவாய் இருந்ததோ, நான்தான் வெறும் படத்துக்குக் கை கால் முளைக்க வைக்கிறேனோ. தொண்டையைச் செருமினேன். "செந்தூரன்." "என்னப்பா?" என்று உடனே திரும்பினான், அவ்வளவு விரைவாக அவன் திரும்புவான் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அந்த விரைவே என்னைக் குழப்பிவிட்டது. "ஆர் முன்னுக்கு நிக்கினம்?" என்றேன். "இன்னும் ஒருத்தரும் அடிக்கேல்லை," என்றான். சற்று நேரம் என்னையே பார்த்திருந்துவிட்டு, மறுபடி திரைக்குத் திரும்பினான். உதைபந்தாட்டத்தில் எனக்கு ஒருநாளும் அக்கறை இருந்ததில்லை என்பது அவனுக்கும் தெரியும்.

அன்று சமையலறையில் நின்றபடியே மகள் சொன்னாள். முதுகுப்பை தோளில் இருந்தது, அதைக் கழற்றாமலே சொன்னாள். "அப்பா, மருந்தாளர் படிப்பை நிப்பாட்டிப்போட்டன். ஸ்கீ படிப்பிக்கிற வேலை கிடைச்சிருக்கு." "அது பனி கிடக்கிற மட்டும் வேலை. உருகினாப்பிறகு?" "உருகினாப்பிறகு பனி இருக்கிற பக்கத்துக்குப் போவன். நியூசிலாந்திலை அப்பதான் குளிர்காலம்." "நாலு சனம் கோயிலிலை கேட்டால், என்ர மகள் என்ன செய்யிறாள் எண்டு நான் என்னெண்டு சொல்லுறது?" "சொல்லாதேங்கோ," என்றாள். கோபத்தோடு சொல்லவில்லை, எனக்கு ஒரு வேலையைக் குறைத்துத் தருகிறவள் போலச் சொன்னாள். அன்றிலிருந்து நான் சொல்லவில்லை. நான் கொடுத்த சொல்லைத்தான் நான் காப்பேன் என்பதில்லை; அவள் கேட்டுக்கொண்டதையும் காக்கிறேன், இதில் என்ன பிழை கண்டீர்கள்? படிப்பைப் பற்றி நான் சொன்னது அன்றும் சரி, இன்றும் சரி. ஆனால் அதன்பிறகு ஒரு தொலைபேசி வந்ததே, அதைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை. அவள் போன முதற்பனிக்காலம், மார்கழிக் கடைசி. "அப்பா, பொங்கலுக்கு வரட்டோ? ரெண்டு நாள் லீவு கேட்டால் தருவினம்." அவளுடைய குரலுக்குப் பின்னால் காற்று. நான் என்ன சொன்னேன்? "உனக்கு அங்கை வேலை இருக்கும். உன்ர வசதியைப் பார்," என்றேன். சொல்லிவிட்டுக் கருவியைக் காதில் வைத்தபடி காத்திருந்தேன். அடுத்த கேள்விக்கு. இல்லையப்பா, வாறன் எண்டுதானே கேக்கிறன் என்று அவள் சொல்வாள், அதற்கும் நான் ஏதோ சொல்வேன், அதன்பிறகு அவள் வருவாள், அடுப்பில் பால் பொங்கும். "சரியப்பா," என்றாள். காற்று நின்றது. அவளும் இந்த நாட்டில் வளர்ந்தவள் என்பது கருவியைக் கீழே வைத்தபிறகுதான் எனக்கு உறைத்தது.

அவள் எங்கே இருக்கிறாள் என்பதைக் கோயில் தேருக்கு வந்த ஒருவர்தான் சொன்னார். பெயர்கூட ஞாபகம் இல்லை, கையில் மோர்க் கோப்பையோடு நின்றவர். "உங்கடை மகளை ஸ்டைனெக்கிலை கண்டனாங்கள். சின்னஞ்சிறுசுகளைக் கோழிக்குஞ்சு மாதிரிப் பின்னாலை இழுத்துக்கொண்டு போறா." "ஓமோம்," என்றேன், எல்லாம் அறிந்தவனைப் போல. அன்று தொடங்கி ஒவ்வொரு காலையும், மற்றவர்கள் எழுமுன், தொலைக்காட்சியில் மலையூர்களைக் காட்டும் அந்த நிகழ்ச்சிக்கு முன்னால் போய் அமர்கிறேன். ஊர் ஊராக ஒரு கண்காணிப்புப் படக்கருவி மெல்லத் திரும்பிப் பனிச்சரிவுகளைக் காட்டும், பின்னணியில் ஊதுகுழல் இசை. "அப்பாவுக்குக் காலநிலைப் பைத்தியம்," என்று செந்தூரன் நண்பர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். ஸ்டைனெக் வரும்போது கண்ணாடியைத் துடைத்துக்கொள்வேன். முதலில் தேவாலயக் கூரை, பிறகு கம்பியில் தொங்கும் இருக்கைகள், பிறகு குழந்தைகளுக்கான சிறிய சரிவு, அங்கே புள்ளிகள். முன்னே ஒரு சிவப்புப் புள்ளி, பின்னே வரிசையாய்ச் சிறு புள்ளிகள், வளைந்து வளைந்து இறங்கும். அது அவள்தானா என்று நான் முடிவுசெய்வதற்குள் கருவி திரும்பிவிடும், தரிசு மலையைக் காட்டத் தொடங்கிவிடும். எட்டாத ஒன்றைத் துழாவும் கைபோல என் கண் திரையின் ஓரத்துக்குப் போய், அதற்கப்பால் சுவரில் முட்டி நிற்கும். இந்தக் குளிர்காலம் அவள் அங்கேதான் இருக்கிறாளா என்பதும் தெரியாது. பனி ஆசிரியர்கள் பருவத்துக்குப் பருவம் ஊர் மாறுகிறவர்கள். நான் சொல்லி, எல்லோரும் போய், அங்கே அவள் இல்லை என்றால்? இருந்து, இவர் யாரோ என்ற மாதிரிப் பார்த்துவிட்டுச் சறுக்கிப் போய்விட்டால், முழங்கால் நோகிற நான் எந்தச் சரிவில் அவளைத் துரத்துவது? வாடிக்கையாளருக்குச் சொல்வது போல ஜெர்மன் மொழியில் வணக்கம் சொல்லிவிட்டால்? அந்த மொழியை நான் அவ்வளவு பாடுபட்டுக் கற்றது அதைக் கேட்டுப் புரிந்துகொள்வதற்காகவா? ஓபர்மாட் நல்லது. ஓபர்மாட்டில் நீச்சல் தடாகம் இருக்கிறது. ஓபர்மாட்டில் எனக்கு அஞ்ச வேண்டிய ஒருவரும் இல்லை, ஏங்க வேண்டிய ஒருவரும் இல்லை, அங்கே ஒரு கிழமை யன்னலோரம் இருந்து தேநீர் குடித்துவிட்டு வரலாம், அப்படியே மற்றக் கிழமைகளையும். எழுந்தேன். நாற்காலியின் கையைப் பற்றிக்கொண்டு எழுந்தே விட்டேன். அப்போது தண்ணீர் நின்றது.

கதவு திறந்து ஆவியோடு கௌசிகா வெளியே வந்தாள், ஒரு கையில் துவாய், மறு கையில் கைபேசி. "புக் பண்ணிப்போட்டன் மாமா. இவள் தண்ணியை விட்டு எழும்ப மாட்டனெண்டு அடம் பிடிச்சாள், அதுக்கிடையிலை இருந்து செய்தது. ஓபர்மாட்." நான் நின்றுகொண்டிருந்தேன். வழக்கமாக இந்த இடத்தில் நான் நல்லது என்று சொல்ல வேண்டும். நாக்கு அதற்கு ஆயத்தமாகத்தான் இருந்தது. "எனக்கு ஸ்டைனெக் வேணும்," என்றேன். வேணும் என்ற அந்தச் சொல் என் வாயில் புதிய பல்லைப் போல உறுத்தியது. கௌசிகா விழித்தாள். "நீங்கள்தானே மாமா எங்கையெண்டாலும் சரி எண்டனீங்கள்?" "சொன்னனான்." "இனி மாத்தேலாது மாமா. ஸ்டைனெக்கிலை அறையும் முடிஞ்சுது." "அறை கிடக்கட்டும். ஓபர்மாட்டிலையிருந்து அங்கை பஸ் ஓடுது, காலைமை போனால் பின்னேரம் வரலாம்." "உங்களுக்கெப்பிடித் தெரியும்?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டேன். "அங்கை வயசு போன ஆக்களுக்கும் சறுக்கப் பழக்குவினமோ?" "ஆருக்கு?" "எனக்கு." அவள் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "மாமா, உங்கடை முழங்கால்..." "முழங்கால் என்ர. அதோடை நான் கதைக்கிறன்." சோபாவில் செந்தூரன் எழுந்து அமர்ந்தது கண்ணின் ஓரத்தில் தெரிந்தது, தொலைக்காட்சியில் ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள், அவன் அதைப் பார்க்கவில்லை. கௌசிகா கைபேசியைத் தடவினாள், பிறகு அதைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். "தனியப் படிக்கிறதெண்டால் ஆளைப் பேர் சொல்லிக் கேக்கலாம் மாமா. ஆரைக் கேக்க?"

இதற்கு எங்கையெண்டாலும் சரி என்று சொல்ல முடியாது. ஆரெண்டாலும் சரி என்று சொல்லலாம், அதுவும் நாக்கு நுனிவரை வந்தது. மூச்சை இழுத்துக்கொண்டு, "ஆரபி," என்றேன். மூன்று எழுத்து. நானும் தவமலரும் விடுதியின் சலவை அறையில் பேசி வைத்த பெயர். குளியலறை வாசலில் ஈரக் கால்களோடு நின்ற இயல்தான் கேட்டாள்: "ஆரபி மாமியோ?" செந்தூரன் தலையைக் குனிந்துகொண்டான், கௌசிகா துவாயை இறுக்கிப் பிடித்தாள், குளிர்காலச் சனிக்கிழமைகளில் கடைக்குப் போவதாகச் சொல்லிப் புறப்பட்ட மூவரும் பையில் ஒன்றும் இல்லாமல், கன்னம் சிவந்து, இருட்டியபின் திரும்பி வந்ததெல்லாம் ஒரே கணத்தில் எனக்கு விளங்கியது. கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நான் அறிய விரும்பியது வேறு. "உனக்கு மாமியைத் தெரியுமோ, குஞ்சு?" "தெரியும். எனக்குப் பழக்கினவ." குழந்தை என் கால்களை மேலும் கீழும் பார்த்தது, தன் அப்பப்பாவான எனக்காகக் கவலைப்படுவது அதன் முகத்தில் தெரிந்தது. "அப்பப்பா, விழுந்தால் மாமி தூக்கிவிட மாட்டா. நாங்களாத்தான் எழும்ப வேணும்." "பக்கத்திலை நிப்பாவோ?" என்று கேட்டேன். இயல் கொஞ்சம் யோசித்தாள். "நிப்பா," என்றாள்.